பிளம்ஸ் பூக்கும் ஊரில் தொங்கும் பாட்டில்கள்

பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கு மூலையில், போர்தோ நகரிலிருந்து துலூஸ் நோக்கிப் போகும் ரயிலில் மார்ச் மாதக் கடைசியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டு ஜன்னலிலும் வெள்ளை வெளேர் என்று தெரியும். பனி என்று நினைத்தால் தவறு. பிளம்ஸ் மரங்கள் பூத்திருக்கின்றன. கரோன் ஆறு வளைந்து வளைந்து போகும் இந்த மாவட்டத்துக்கு லோட்-எ-கரோன் என்று பெயர். தலைநகரம் அஜென். மதுரைக்கு மல்லி மாதிரி அஜெனுக்கு உலர்ந்த பிளம்ஸ். ஆகஸ்ட் நடுவில் தொடங்கி செப்டம்பர் வரை மரத்தை உலுக்கிப் பழத்தைச் சேர்ப்பார்கள். சூடான காற்று ஓடும் அறையில் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கக் காயவைப்பார்கள். மூன்று கிலோவுக்கு மேல் பழம் உள்ளே போனால் ஒரு கிலோ உலர்பழம் வெளியே வரும்.

பிளம்ஸ் மட்டுமில்லை. ஸ்ட்ராபெரி, தக்காளி, கிவி, சூரியகாந்தி, திராட்சை என்று கலந்து விளையும் மண் இது. பூ இருந்தால் தேனீ வேண்டும். அதனால் தோட்டத்து ஓரங்களில் மரப்பெட்டிகள் வரிசையாக இருக்கும். விற்பதற்காக வளர்ப்பவர்கள் ஒரு பக்கம், வீட்டுக்கு நாலு பாட்டில் தேன் போதும் என்று இரண்டு மூன்று பெட்டி வைத்திருப்பவர்கள் இன்னொரு பக்கம்.

பூக்காலத்தில் இந்த ஊர்களில் கண்ணில் படும் இன்னொரு பொருள், தலைகீழாகச் சொருகிய பிளாஸ்டிக் பாட்டில். வேலியில், காய்கறிப் பாத்திக்குப் பக்கத்தில், கொட்டகை இறவாரத்தில் தொங்கும். உள்ளே கருஞ்சிவப்பாக ஏதோ ஒரு திரவம். கிட்டப் போனால் புளித்த வாடை அடிக்கும். குளவி பிடிக்கும் வீட்டுப் பொறி அது.

அந்தக் குளவி அந்த ஊருக்குச் சொந்தமானதில்லை. 2004-ல் இதே மாவட்டத்தில்தான் அது முதலில் கண்ணில் பட்டது. சீனாவிலிருந்து இறக்குமதியான மண்தொட்டிகளுக்குள் குளிர்காலத் தூக்கத்தில் ஒண்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்களின் முடிவு. மரபணுவைப் பார்த்தவர்கள் அதைவிட வியப்பான செய்தி சொன்னார்கள். ஐரோப்பாவில் இன்று பரவிக் கிடக்கும் இந்தக் கூட்டம் முழுவதும், பல ஆண்களோடு சேர்ந்திருந்த ஒரே ஒரு ராணியிலிருந்து பெருகியிருக்கக் கூடுமாம். 2010-ல் ஸ்பெயின், 2011-ல் போர்ச்சுகல், பெல்ஜியம், 2012-ல் இத்தாலி, 2014-ல் ஜெர்மனி, 2016-ல் இங்கிலாந்து. இருபது வருடம் முடிவதற்குள் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது குடியேறிவிட்டது.

தஞ்சைப் பக்கம் கதண்டு, நெல்லை, குமரிப் பக்கம் கடந்தை என்று சொல்வோமே, அந்தக் குடும்பம்தான். வெஸ்பா வெலுட்டினா என்பது அறிவியல் பெயர். நம்மூர்க் கதண்டின் கருத்த உடலில் அகலமான மஞ்சள் பட்டை தெரியும். பிரான்சுக்குப் போனதற்கு உடல் கருப்பு, வயிற்றின் பின்பக்கம் ஆரஞ்சு, கால் நுனிகள் மட்டும் மஞ்சள் சாயத்தில் முக்கி எடுத்தது போல இருக்கும். ஐரோப்பாவுக்கே உரிய கதண்டு ஒன்றும் உண்டு. அது இதைவிடப் பெரியது, ஆனால் தேனீக்கு இந்த அளவு தொல்லை தருவதில்லை.

வந்தது செய்யும் வேலை இது. தேன்பெட்டி வாசலுக்கு எதிரே, பெட்டியைப் பார்க்காமல் வெளியே பார்த்தபடி அந்தரத்தில் நிற்கும். மகரந்தம் சுமந்து களைத்து வரும் தேனீயைப் பாய்ந்து பிடிக்கும். பக்கத்துக் கிளையில் தொங்கிக்கொண்டு தலையையும் வயிற்றையும் கத்தரித்துப் போட்டுவிட்டு, சதைப்பற்றுள்ள நெஞ்சுப் பகுதியை மட்டும் உருட்டிக் கூட்டுக்கு எடுத்துப் போகும், புழுக்களுக்கு ஊட்ட. ஒரு கூடு ஒரு பருவத்தில் தின்னும் பூச்சிகளின் எடை சுமார் 11 கிலோ என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு தேனீ.

பிடித்துத் தின்பதைவிடப் பெரிய சேதம் ஒன்று இருக்கிறது. வாசலில் நாலைந்து கதண்டு நின்றால் தேனீக்கள் வெளியே வருவதையே நிறுத்திவிடும். பூ வெளியே இருக்கும், தேனீ உள்ளே அடைந்து கிடக்கும். இலையுதிர் காலத்தில் சேர்க்க வேண்டிய தேனும் மகரந்தமும் சேராது. பிறகு வரும் குளிரில் கூட்டம் பட்டினியில் சாகும். பிப்ரவரியில் பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்கு மெழுகு அடை மட்டும் இருக்கும்.

இதற்கு ஊர்க்காரர்கள் சமையலறையில் கண்ட மருந்துதான் அந்த பாட்டில். செய்முறையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை, மேல்பக்கம் சரிவு முடிந்து நேராகும் இடத்தில் சுற்றி வெட்டுவார்கள். மூடியைக் கழற்றிவிட்டு, வெட்டிய மேல்பாகத்தைப் புனல் போலத் தலைகீழாக அடிப்பாகத்துக்குள் இறக்குவார்கள். ஓரத்தை இரண்டு மூன்று இடத்தில் கம்பியால் பிணைத்தால் ஆயிற்று. அதே கம்பியில் தொங்கவும் விடலாம். வாடைக்கு வரும் குளவி புனல் வழியாக இறங்கும். திரும்பி வெளியே வரும்போது வெளிச்சம் தெரியும் பக்கவாட்டுச் சுவரில்தான் மோதிக்கொண்டிருக்கும். நடுவில் இருக்கும் துளை அதன் கண்ணுக்குப் படாது. மீன் பிடிக்கும் பறியில் மீன் உள்ளே போகிற கதைதான்.

உள்ளே ஊற்றுவது மூன்று பொருள்: ஒரு பங்கு பீர், ஒரு பங்கு வெள்ளைத் திராட்சை மது, ஒரு பங்கு பழப்பாகு. பீர் நொதித்த வாடைக்கு, பாகு இனிப்புக்கு. மது எதற்கு என்றால், தேனீ வராமல் இருப்பதற்கு. வெறும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ வைத்தால் முதலில் வந்து விழுவது நாம் காப்பாற்ற நினைத்த தேனீதான். மது வாடை இருந்தால் தேனீ ஒதுங்கிப் போகும் என்பது அங்குள்ளவர்களின் அனுபவம். மூன்றையும் சேர்த்து, பாட்டிலில் ஒரு சாண் உயரம்கூட வேண்டாம், நாலு விரற்கடை ஊற்றினால் போதும்.

பாட்டிலைத் தொங்கவிடும் மாதம்தான் பொறி செய்வதைவிட முக்கியம். கதண்டுக்குக் கூடு ஒரு வருடத்துக்குத்தான். இலையுதிர் காலத்தில் ஒரு பெரிய கூட்டிலிருந்து சில நூறு இளம் ராணிகள் வெளியேறும். பழைய ராணியும் வேலைக்காரக் குளவிகளும் குளிரில் மடிந்துபோகும். கருவுற்ற இளம் ராணிகள் மட்டும் மரப்பட்டை இடுக்கிலும் ஓட்டுக்கு அடியிலும் தூங்கும். பிப்ரவரி, மார்ச்சில் வெயில் ஏறும்போது ஒவ்வொன்றும் தனியாக எழுந்து வந்து, எலுமிச்சை அளவில் ஒரு சிறு கூட்டைத் தொடங்கும். அந்தச் சில வாரங்களில் அதற்கு உதவிக்கு ஆளில்லை. கூடு கட்டுவது, முட்டையிடுவது, இரை தேடுவது எல்லாம் அதன் தலையில். இனிப்பு தேடி அலையும் அந்த நேரத்தில் பாட்டிலுக்குள் ஒன்று விழுந்தால், கோடையில் மரத்து உச்சியில் பானைபோல் தொங்கப் போகும் ஒரு கூடு குறைந்தது என்று கணக்கு. ஒரு ராணி, ஒரு கூடு, அதில் ஆயிரக்கணக்கான கதண்டு. கேட்பவர்களுக்கு உடனே பிடித்துப் போகும் கணக்கு. ஊர் ஊராகப் பொறி செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு பாட்டில் தொங்கியது.

சில ஆண்டு கழித்து அந்த பாட்டில்களைக் கவிழ்த்து எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்ததா என்று பார்க்க எண்ணுவது நல்ல பழக்கம், எல்லோரும் செய்வதில்லை. உள்ளே கிடந்ததில் கதண்டு மிகச் சிறிய பங்கு. மீதி எல்லாம் ஈ, அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி, உள்ளூர்க் குளவி, உள்ளூர்க் கதண்டு. அசுவினியைத் தின்னும் பூச்சிகளும் அவற்றில் சேர்த்தி. காய்கறித் தோட்டத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்த்த ஆட்களை வீட்டுக்காரரே பாட்டிலில் மூழ்கடித்திருக்கிறார். பாரிசில் உள்ள தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சி ஆராய்ச்சியாளர்கள், பொதுமக்கள் கண்ட இடத்தில் பொறி வைப்பதை ஆதரிக்கவில்லை.

ஒரு ராணி ஒரு கூடு என்ற கணக்கிலும் ஓட்டை இருந்தது. வசந்தத்தில் எழும் ராணிகள் எல்லாமே கூடு கட்டி முடிப்பதில்லை. கட்டிய கூட்டைப் பறிக்க இன்னொன்று வரும், சண்டையில் ஒன்று சாகும். முள்ளங்கிப் பாத்தியில் நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிட்டால் மிச்சம் இருப்பது திடமாக வளருமே, அதுபோல நாலு ராணியைப் பிடித்தால் ஐந்தாவதுக்குப் போட்டியில்லாத இடம் கிடைத்துவிடலாம். பிடித்ததால் கூடு குறைந்ததா என்று பார்த்த ஆய்வுகளின் முடிவு ஒரே மாதிரி இல்லை. ஒரு வருடம் ஆர்வமாக வைத்துவிட்டு மறுவருடம் மறந்துவிடுபவருக்கு இதனால் பெரிய பலன் கிடையாது என்பதில் மட்டும் ஏறக்குறைய எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

தேனீ வளர்ப்பவர்களுக்கு இது வெறும் விவாதம் இல்லை. செப்டம்பரில் வாசலில் நிற்கும் கதண்டைத் தினமும் பார்ப்பவரிடம் "பொறி வைக்காதே" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? எனவே பொறி போகவில்லை, மாறியது. பாட்டிலின் பக்கத்தில் ஐந்தரை மில்லிமீட்டர் அளவில் துளைகள் வந்தன. ஈ, சிறு குளவி, சிறு பூச்சி எல்லாம் அதன் வழியே தப்பிவிடும், கதண்டு ராணி தப்பாது. நுழைவாய் அகலமாக இருந்தால் உள்ளூர்ப் பெரிய கதண்டும் பட்டாம்பூச்சியும் வரும் என்று அதைச் சுருக்கினார்கள். திரவத்தைத் திறந்து வைக்காமல் பஞ்சில் ஊறவைத்தோ, மேலே வலை போட்டோ வைத்தார்கள். விழுந்தது மூழ்காது. காலையில் பார்த்து, வேண்டாததைத் திறந்துவிடலாம். ஊர் முழுக்கத் தொங்கவிடாமல், தேன்பெட்டிக்குப் பக்கத்திலும் போன வருடம் கூடு இருந்த இடத்திலும் மட்டும் வைப்பது என்றும், மே மாதம் பிறந்ததும் கழற்றிவிடுவது என்றும் பழக்கம் வந்தது. இப்படிச் செய்யும் பாட்டிலுக்கும் பழைய பாட்டிலுக்கும் செலவில் வித்தியாசம் ஒன்றுமில்லை. தினமும் போய்ப் பார்க்கும் வேலை மட்டும் கூடுதல். உண்மையில் அதுதான் பலருக்குக் கசக்கிறது.

கோடைக்குப் பிறகு பாட்டிலை நம்பி இருப்பவர்கள் குறைவு. அப்போது புழு வளர்க்க இறைச்சி தேடும் கதண்டு, இனிப்பை விட்டுவிட்டுத் தேனீயையே குறிவைக்கும். பெட்டி வாசலின் உயரத்தை ஐந்தரை மில்லிமீட்டராகக் குறைப்பார்கள். தேனீ நுழையும், கதண்டு நுழையாது. வாசலுக்கு முன்னால் கம்பிவலைக் கூண்டு ஒன்றைப் பொருத்துவார்கள். மாட்டுக்கு வாய்ப்பூட்டு போடுவதுபோல இருப்பதால் அந்தப் பெயரையே அதற்கும் வைத்திருக்கிறார்கள். கதண்டு எட்ட நிற்க வேண்டியிருப்பதால் தேனீக்குக் கொஞ்சம் தைரியம் வரும், வெளியே போய்வரும். வசதி உள்ளவர்கள் மின்சாரக் கம்பிச் சட்டம் வைக்கிறார்கள். யாழ் நரம்புபோல இழுத்துக் கட்டிய கம்பிகளுக்கு நடுவே தேனீ புகுந்துவிடும், பெரிய உடம்புள்ள கதண்டு இரண்டு கம்பியையும் தொட்டு அதிர்ந்து கீழே தண்ணீர்த் தொட்டியில் விழும். தேன்பெட்டிக்கு அடியில் கோழி மேயவிட்டால் தாழப் பறக்கும் கதண்டைக் கொத்தித் தின்றுவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. தின்பது உண்மைதான். அதை நம்பி இருபது பெட்டியை விட்டுவிட்டுப் போக முடியாது.

கதண்டு பிறந்த நாட்டில் தேனீ என்ன செய்கிறது? அங்கே இருப்பது நம்மூர் அடுக்குத் தேனீயின் இனம். ஒரு கதண்டு பெட்டிக்குள் தலை நீட்டினால், நூற்றுக்கணக்கான தேனீக்கள் அதன்மேல் விழுந்து உருண்டையாக மூடிக்கொண்டு, நெஞ்சுத் தசைகளை அதிரவைத்துச் சூடேற்றும். உருண்டையின் நடுவில் வெப்பம் 45 டிகிரி செல்சியசைத் தாண்டும். கதண்டு அந்தச் சூட்டில் சாகும், தேனீ அதைவிடச் சில டிகிரி கூடுதலாகத் தாங்கும். கொட்டாமலே கொல்லும் வித்தை. பல்லாயிரம் ஆண்டு பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்து கற்றது. ஐரோப்பியத் தேனீயும் இதைச் செய்யப் பார்க்கும், ஆனால் சேரும் தேனீ குறைவு, சூடு போதாது. நம்மூரில் இத்தாலியத் தேனீ என்று பெட்டியில் வளர்ப்பது அந்த ஐரோப்பியத் தேனீதான். அதை வைத்திருப்பவர்கள் கதண்டு விஷயத்தில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது. இதே வெலுட்டினா காஷ்மீரிலும் இமயமலை அடிவாரத்திலும் இயல்பாகவே வாழ்கிறது, அங்கேயும் தேன்பெட்டிக்காரர்களுக்கு அது தலைவலிதான்.

"பெட்டி முன்னால் கதண்டு நிற்கிறது, பாட்டில் பொறி வைக்கலாமா?" என்று கேட்கும் தமிழக விவசாயிக்கு அந்த ஊரின் இருபது வருடத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு, விட வேண்டியதும் உண்டு. நாள்காட்டியை விட்டுவிட வேண்டும். பனிக்காலம் இல்லாத நம்மூரில் ராணிகள் எல்லாம் ஒரே மாதத்தில் தூங்கி எழுவதில்லை, அதனால் மார்ச்சில் பொறி வைத்து மேயில் கழற்றும் கணக்கு இங்கே செல்லாது. பெட்டி முன்னால் கதண்டு நடமாட்டம் தெரியும் வாரங்களில் மட்டும், பெட்டியிலிருந்து சில அடி தள்ளி வைக்கலாம். மதுவுக்குப் பதில், நன்றாகப் புளித்த வாழைப்பழமும் வெல்லக் கரைசலும் கொஞ்சம் வினிகரும் போதும். புளிக்காத வெல்லத் தண்ணீர் வைத்தால் தேனீதான் விழும். துளை போடாமல் தொங்கவிடவே கூடாது. மாலையில் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்து, உள்ளே தேனீயும் சிறு குளவியுமாக இருந்தால் அன்றைக்கே கழற்றிவிட வேண்டியதுதான். வாசலைச் சுருக்குவதும் வலை கட்டுவதும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

தேன்பெட்டி இல்லாத தோட்டத்தில் குளவிப் பொறிக்கு வேலையே இல்லை. சுவரில் மண்சட்டி செய்யும் குளவி தன் குஞ்சுக்கு அடைத்துவைப்பது பச்சைப் புழுவை. கத்தரியிலும் கரும்பிலும் புழுவுக்காகக் காசு கொடுத்து வாங்கிக் கட்டும் முட்டை ஒட்டுண்ணி அட்டையில் இருப்பதும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய குளவிதான். வெளிநாட்டிலிருந்து வந்த மாவுப்பூச்சி பப்பாளியையும் மல்பெரியையும் வெள்ளையாக மூடியபோது, 2010-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வழியாக வயல்களில் விடப்பட்டு அதை அடக்கியதும் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குட்டிக் குளவி. மருந்து கடையில் கிடைக்காத நாட்களை மறந்திருக்க மாட்டார்கள் அந்த விவசாயிகள்.

கூடு தெரிந்தால் தீப்பந்தம் எடுக்கும் பழக்கம் இரண்டு நாட்டிலும் இருக்கிறது. கதண்டுக் கூட்டில் கை வைப்பது வேறு பொறியில் பிடிப்பது வேறு. ஒரே நேரத்தில் பல கொட்டினால் உயிர் போகும், தமிழகத்தில் அப்படிப் போன உயிர்கள் உண்டு. தென்னையிலோ பனையிலோ கூடு இருந்தால் 101-க்குக் கூப்பிட்டால் தீயணைப்புத் துறையினர் வருவார்கள். கொட்டு வாங்கியவருக்கு மூச்சுத் திணறலோ முகவீக்கமோ தெரிந்தால் சுண்ணாம்பு தேடிக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். பிரான்சில் கூடு எடுப்பதற்குக் காசு வாங்கும் தனியார் ஆட்கள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். செலவில் ஒரு பங்கைத் தாங்கும் ஊராட்சிகளும் உண்டு, தாங்காதவையும் உண்டு. இந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்று பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2025 மார்ச்சில் கதண்டைக் கட்டுப்படுத்தவும் தேனீ வளர்ப்பைக் காக்கவும் என்றே அந்த நாடு தனிச் சட்டம் போட்டது.

நவம்பரில் கரோன் கரையில் நெட்டிலிங்கம்போல் உயர்ந்து நிற்கும் பாப்லர் மரங்கள் இலை கொட்டும். கோடை முழுக்க யாருக்கும் தெரியாமல் உச்சியில் இருந்த கூடுகள் அப்போதுதான் தெரியும், அறுபது எழுபது சென்டிமீட்டர் உயரத்தில், பழுப்புக் காகிதத்தில் செய்த பானைபோல. ரோட்டில் போகிறவர்கள் நின்று எண்ணுவார்கள். டிசம்பரில் குளிர் இறங்கியபின் அவற்றில் ஒன்றும் இருக்காது. அடுத்த வருடம் அதே கூட்டுக்கு எந்தக் கதண்டும் திரும்பாது என்பதால் காலிக் கூட்டை இறக்கக் காசு செலவழிப்பது வீண். காற்றும் மழையும் பறவைகளும் அதைப் பிய்த்துப் போட்டுவிடும். ஆனால் எந்த மரத்தில் இருந்தது என்று தேன்பெட்டிக்காரர் குறித்து வைத்துக்கொள்கிறார். பிப்ரவரியில் பாட்டிலை எங்கே தொங்கவிடுவது என்பதற்கு அந்தக் குறிப்புதான் வேண்டும்.